ஃபெசன்ட் வேட்டைக்கு முன் ஷாட்கன் பேட்டர்ன் பார்ப்பது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். புதிதாக ஒரு 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு) ஓவர்-அண்டர், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழல் உள்ள ஷாட்கன், வாங்கியிருக்கிறீர்கள். கூடவே இம்ப்ரூவ்டு சிலிண்டர், மாடிஃபைட், ஃபுல் என்று குழல் வாயில் திருகிப் போடும் மூன்று சோக் வந்திருக்கிறது. அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை அமெரிக்காவின் சவுத் டகோட்டாவில் சீசன் திறக்கும்போது நண்பர்களோடு ஃபெசன்ட் என்னும் நீள வால் பறவையைச் சுடப் போகிறீர்கள். கடைக்காரர் ‘பேட்டர்ன் பார்த்துவிட்டுப் போ’ என்றாராம், அதாவது காகிதத்தில் சுட்டு, தோட்டாவின் உருண்டைகள் எங்கே, எப்படிப் பரவி விழுகின்றன என்று பார்க்க வேண்டுமாம். சோக்கிலும் எழுதியிருக்கிறது, தோட்டாப் பெட்டியிலும் எழுதியிருக்கிறது, இதற்கு மேல் காகிதத்தில் சுட்டு எதைப் பார்ப்பது என்பது உங்கள் கேள்வி.

சோக்கில் எழுதியிருப்பது ஒரு பெயர், அவ்வளவுதான். உங்கள் குழலில், நீங்கள் வாங்கிய தோட்டாவோடு அது என்ன செய்யும் என்று எழுதியவருக்கே தெரியாது. நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு பெருமைக்குரியது இல்லை. முதல் சீசனில் ஒரு சேவல் ஃபெசன்ட் முப்பது கஜத்தில் எழும்பியது. சுட்டேன். இறகு பறந்தது, ஒரு கால் தொங்கியது, பறவை அப்படியே சறுக்கிக்கொண்டு போய் நாணல் சதுப்புக்குள் விழுந்தது. நண்பரின் லாப்ரடார் நாய் முக்கால் மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. வீடு திரும்பிய பிறகுதான் காகிதம் கட்டிச் சுட்டுப் பார்த்தேன். என் மேல் குழல், நான் பார்க்கும் இடத்துக்கு ஒரு சாண் கீழே, இடப்பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. புத்தம் புதுத் துப்பாக்கி. தயாரித்தவர் பெயர் வேண்டாம். பத்து டாலர் செலவில் ஆகஸ்டிலேயே தெரிந்துகொண்டிருக்கலாம்.

அடிப்படையைச் சொல்லிவிட்டு வேலைக்கு வருகிறேன். ரைபிளில் ஒரே குண்டு, ஒரே ஓட்டை. ஷாட்கன் தோட்டாவில் பெல்லட் என்னும் சின்ன உலோக உருண்டைகள் நூற்றுக்கணக்கில். அவை குழலை விட்டு வெளியே வந்ததும் விரிந்துகொண்டே போகும். குழலின் வாயில் கொஞ்சம் குறுக்கினால் விரிவது குறையும், அந்தக் குறுக்கல்தான் சோக். எவ்வளவு குறுக்கல் என்றால், 12 கேஜ் மாடிஃபைட் சோக்கில் ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் சுமார் இருபது பங்கு. அவ்வளவு நுணுக்கமான விஷயத்தில் சின்னச் சின்ன வேறுபாடும் பேசும்.

தொழிலில் எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது: 40 கஜத்தில், 30 அங்குல விட்டமுள்ள வட்டத்துக்குள் எத்தனை சதவீத பெல்லட் விழுகிறது என்பது. சோக்கே இல்லாத சிலிண்டர் குழல் 40, இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50, மாடிஃபைட் 60, ஃபுல் 70 என்பது ஏட்டுக் கணக்கு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாத இடம் இதுதான். ஈயம் மென்மையான உலோகம். வெடிக்கும்போது மேலே இருக்கும் பெல்லட்களின் கனத்தில் அடியில் இருப்பவை நசுங்கும். நசுங்கியது உருண்டையாக இல்லாததால் காற்றில் விலகி ஓடும். விலை குறைந்த தோட்டாவில் மென்மையான ஈயம் இருந்தால் ஓடுகிறவை அதிகம். ஆன்டிமனி என்ற உலோகம் கலந்து இறுக்கியது, செம்பு பூசியது, பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்துக் கட்டியது என்றால் குறைவு. ஆக, ஒரே சோக்கில் ஒரு பெட்டித் தோட்டா 55 சதவீதமும் இன்னொரு பெட்டி 70 சதவீதமும் தந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஸ்டீல் பெல்லட் நசுங்குவதே இல்லை. அதனால் மாடிஃபைட் சோக்கில் ஸ்டீல் சுட்டால் பெரும்பாலும் ஃபுல் போல நெருக்கமாக விழும். இது உங்களுக்கு முக்கியம். அமெரிக்கா முழுக்க வாத்து வேட்டைக்குத்தான் 1991 முதல் ஈயம் தடை. ஆனால் சவுத் டகோட்டாவில் நீங்கள் நடக்கப்போகிற அரசு நிலங்கள் பலவற்றில் ஃபெசன்ட் சுடவும் ஈயம் கூடாது. தனியார் பண்ணையில் ஈயம், மறுநாள் அரசு நிலத்தில் ஸ்டீல் என்று திட்டமிருந்தால் இரண்டையும் தனித்தனியாகச் சுட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம், ஃபுல் சோக்கில் பெரிய ஸ்டீல் பெல்லட்டைப் போடுவதற்கு முன் துப்பாக்கியோடு வந்த சின்னப் புத்தகத்தைப் படியுங்கள். பல சோக்குகளில் ‘ஸ்டீல் வேண்டாம்’ என்று பொறித்தே இருப்பார்கள். மீறினால் சோக் குழலோடு இறுகிக்கொள்ளும், குழல் வீங்கவும் கூடும்.

சரி, சாமான்கள். நான்கு அடி அகலக் காகிதச் சுருள், இறைச்சிக் கடையில் சுற்றித் தருகிற பழுப்புத் தாள் போதும். அதை மாட்ட ஒரு மரச்சட்டம், ஸ்டேப்ளர், தடித்த மார்க்கர், டேப், பதினைந்து அங்குல நூல் கட்டிய ஒரு பென்சில். காது மூடி, கண்ணாடி. காற்று அடிக்கிற நாளில் போகாதீர்கள். தாள் படபடவென்று கிழிந்து, இருக்கிற பொறுமையும் போய்விடும். ரைபிள் ரேஞ்சுகள் பலவற்றில் ஷாட்கன் பெல்லட்டை அனுமதிக்க மாட்டார்கள். களிமண் தட்டு சுடும் கிளப்புகளில் பேட்டர்ன் பலகை ஒன்று ஓரமாக இருக்கும், கேட்டால் விடுவார்கள். சில பழைய இடங்களில் வெள்ளையடித்த இரும்புத் தகடு வைத்திருப்பார்கள். ஈயத்துக்கு அது சரி, ஸ்டீலை அதில் சுடவே கூடாது. திரும்பி உங்கள் மேலேயே வரும். நண்பரின் நிலத்தில் சுடுவதானால் பின்னால் மண்மேடு வேண்டும். பெல்லட் தானே என்று அலட்சியம் வேண்டாம். பெல்லட்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200-ஆல் பெருக்கினால் அது அதிகபட்சம் போகும் தூரம் கஜத்தில் வரும் என்று பழைய சூத்திரம் ஒன்று உண்டு. 6-ஆம் நம்பர் பெல்லட் 0.11 அங்குலம், அதாவது 240 கஜம் வரை போகும். 2-ஆம் நம்பர் 330.

நம்பர் சிறிதானால் பெல்லட் பெரிது, இதில் புதியவர்கள் எல்லோரும் ஒருமுறை குழம்புவார்கள். பதினேழிலிருந்து நம்பரைக் கழித்தால் விட்டம், அங்குலத்தின் நூறில் பங்காகக் கிடைக்கும். 17-இல் 6 போனால் 11. ஏழரை நம்பர் என்றால் ஒன்பதரை. (இந்த ஏழரை சனி இல்லை, களிமண் தட்டுக்கும் காடைக்கும் நல்ல அளவு. ஃபெசன்டுக்குத்தான் வேண்டாம்.)

இனி சுடலாம். எல்லோரும் நேராக 40 கஜத்துக்குப் போய் எண்ண ஆரம்பிக்கிறார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். முதலில் துப்பாக்கி பார்க்கும் இடத்தில் அடிக்கிறதா என்று தெரிய வேண்டும். தாளின் நடுவில் கைமுட்டி அளவுக்கு ஒரு கரும்புள்ளி வரையுங்கள். 16 கஜம் அளந்து நில்லுங்கள். இருப்பதில் இறுக்கமான சோக்கை, ஈயத் தோட்டாவோடு போட்டுக்கொள்ளுங்கள். ரைபிள் போல மெதுவாகக் குறி வைக்காதீர்கள். துப்பாக்கியைத் தாழ்வாகப் பிடித்து, புள்ளியைப் பார்த்து, தோளுக்கு ஏற்றியதும் சுடுங்கள். வயலில் அப்படித்தான் சுடப்போகிறீர்கள். ஒரே தாளில் நான்கைந்து முறை. ஒவ்வொரு சூடும் எங்கே போனது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். எல்லாம் சேர்ந்து நடுவில் ஒரு பெரிய கிழிசல் வரும். அதன் மையம் புள்ளிக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதுதான் விடை. தாளை மாற்றி, அடுத்த குழலுக்கும் இதையே செய்யுங்கள். ஓவர்-அண்டரில் இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்க வேண்டும். அடிக்கும் என்று நம்பித்தான் வாங்குகிறோம்.

ஏன் 16 கஜம்? ஷாட்கனில் பின்குறி கிடையாது, உங்கள் கண்தான் பின்குறி. கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதியும் உயரம் மாறினால் கண் மாறும், கண் மாறினால் அடி மாறும். கண்ணிலிருந்து குழல் வாய்க்கு ஏறக்குறைய ஒரு கஜம் இருப்பதால், கட்டையில் வீசம் அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு மாற்றினால் 16 கஜத்தில் அடி ஒரு அங்குலம் நகரும். மனக்கணக்காகப் போட்டுவிடலாம். இரண்டு அங்குலம் தாழ்வாக அடித்தால் கட்டையின் மேல்விளிம்பை அரைக்கால் அங்குலம் உயர்த்த வேண்டும். ஒட்டுத் துணிப் பட்டையை அடுக்கடுக்காக ஒட்டி, மறுபடி சுட்டுப் பார்த்து, சரியான உயரம் தெரிந்த பிறகு வேண்டுமானால் துப்பாக்கித் தச்சரிடம் போகலாம். இரண்டு குழலும் ஒரே திசையில் தவறினால் குறை பெரும்பாலும் பொருத்தத்தில். ஒன்று மட்டும் தவறினால் குறை துப்பாக்கியில், அல்லது அந்தச் சோக் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. சோக்குகளை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு சோக்கோடு நகர்ந்தால் இருபது முப்பது டாலரோடு போயிற்று. குழலோடேயே நின்றால் வாங்கின கடைக்குத்தான் திருப்பி எடுத்துப் போக வேண்டும். எனக்கு இரண்டாவது நடந்தது.

சற்று மேலே அடித்தால் கவலைப்பட வேண்டாம். ஃபெசன்ட் பெரும்பாலும் காலடியிலிருந்து எழும்பி மேலே ஏறிக்கொண்டே போகும் பறவை. புள்ளிக்கு மேலே அறுபது, கீழே நாற்பது என்ற விகிதத்தில் பெல்லட் விழும் துப்பாக்கியை அதற்கென்றே விரும்புகிறவர்கள் உண்டு. பறவையைக் குழலால் மறைக்காமல் சுடலாம். கீழே அடிக்கும் துப்பாக்கிதான் தொல்லை. சேவலுக்கு நீளமான வால் வேறு. கண் வாலோடு போகும், அடியும் வாலோடு போகும்.

இது முடிந்த பிறகுதான் அடர்த்தி. இங்கே ஒரு தாளுக்கு ஒரே சூடு, மறக்கக் கூடாது. தாளின் மூலையில் சோக், தோட்டா, தூரம், எந்தக் குழல் என்று சுடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பத்தாவது தாளுக்குப் பிறகு எது எதென்று நினைவிருக்காது. சுட்ட பின், ஓட்டைகள் அடர்ந்திருக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து அதன் நடுவில் பென்சிலை ஊன்றி 30 அங்குல வட்டம் போடுங்கள். வட்டத்தைக் குறிப்புள்ளியைச் சுற்றிப் போடக் கூடாது, பெல்லட் கூட்டத்தைச் சுற்றிப் போட வேண்டும். எண்ணும்போது வட்டத்தை நான்காக வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டையையும் மார்க்கரால் தொட்டுக்கொண்டே போங்கள். கிட்டத்தில் சுட்ட தாளில் ஒழுங்கற்ற பெரிய கிழிசல் ஒன்று தெரிந்தால் அது பிளாஸ்டிக் கிண்ணம் மோதியது, எண்ணாதீர்கள். எங்கள் வீட்டில் இந்த எண்ணும் வேலைக்கு மகளைப் பிடித்துக்கொள்வேன். நூறு ஓட்டைக்கு ஒரு டாலர் என்று பேச்சு. முதல் வருஷம் அவள் எண்ணிக்கை என்னுடையதைவிட எப்போதும் கூடவே இருந்தது.

சதவீதம் போட மொத்த எண்ணிக்கை தெரிய வேண்டும். ஈயத்தில் அவுன்ஸுக்கு 4-ஆம் நம்பர் 135, 5-ஆம் நம்பர் 170, 6-ஆம் நம்பர் 225 என்பது பொதுக் கணக்கு. ஸ்டீல் இலேசு என்பதால் எண்ணிக்கை கூடும், 2-ஆம் நம்பர் 125, 4-ஆம் நம்பர் 192. ஒன்றேகால் அவுன்ஸ் 6-ஆம் நம்பர் ஈயம் என்றால் 281. அதில் 169 வட்டத்துக்குள் விழுந்தால் 60 சதவீதம், அசல் மாடிஃபைட். ஆனால் கணக்கை நம்பாமல் பெட்டிக்கு ஒரு தோட்டாவையாவது வெட்டித் தட்டில் கொட்டி எண்ணுங்கள். வெடிமருந்தைத் தனியாக எடுத்துப் புல்வெளியில் தூவிவிடலாம், அடுப்பங்கரையில் மட்டும் வேண்டாம். கணக்குக்கும் தட்டில் இருப்பதற்கும் பத்துப் பதினைந்து வித்தியாசம் வருவது சகஜம்.

ஒரு சூட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரே சோக், ஒரே பெட்டித் தோட்டா, அடுத்தடுத்த இரண்டு தாள்களில் ஒன்று 150, ஒன்று 185 என்று வரும். ஐந்து தாள் சுட்டுச் சராசரி எடுங்கள். பத்து என்றால் இன்னும் நல்லது, ஆனால் தோள் ஒத்துழைக்க வேண்டும். முடிவில் ஐந்து சதவீத வித்தியாசத்தைப் பெரிதுபடுத்தாதீர்கள். 61-க்கும் 64-க்கும் இடையில் எது சிறந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் தாளைச் சுடத்தான் லாயக்கு.

உண்மையில் நான் சதவீதத்தை ஒருமுறை போட்டுவிட்டு ஓரமாக வைத்துவிடுவேன். எனக்கு உபயோகப்பட்டது வேறு ஒரு வேலை. காலை உணவு அட்டைப் பெட்டியில் சேவல் ஃபெசன்டின் உடலை வெட்டிக்கொள்ளுங்கள். தலை, கழுத்து, உடல் மட்டும். வாலும் சிறகும் வேண்டாம். வெட்டியதும் பார்த்தால், அடேயப்பா, இவ்வளவு சின்னதா என்று இருக்கும். அதைத் தாளில் வட்டத்துக்குள் எங்கெங்கோ வைத்து, சுற்றி வரைந்து, உள்ளே எத்தனை ஓட்டை என்று பாருங்கள். நடுவில் வைத்தால் எட்டோ பத்தோ வரும், அது பெரிய விஷயமில்லை. ஓரத்தில் வைத்தால்? எங்கே வைத்தாலும் நாலைந்தாவது இருக்க வேண்டும் என்பது என் அளவு. ஒன்றோ இரண்டோதான் என்றால், அந்தத் தூரத்தில் அந்தத் தோட்டா பறவையைக் கொல்லாது, காயப்படுத்தும். நாணலுக்குள் போன என் சேவல் மாதிரி.

இந்த அட்டையை வைத்துக்கொண்டு தூரத்தை மாற்றுங்கள். 40 கஜத்தை விட்டுவிட்டு 20, 25, 30, 35 என்று நீங்கள் நிஜமாகச் சுடப்போகும் தூரங்களில் சுடுங்கள். நாயோடு நடக்கும்போது சேவல் பெரும்பாலும் 20-லிருந்து 35 கஜத்துக்குள் சுடப்படுகிறது. 20 கஜத்தில் ஃபுல் சோக்கின் அடர்ந்த பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதில் பட்டால் பறவை சல்லடை, சமைக்க எதுவும் மிஞ்சாது. படாவிட்டால் முழுதாகத் தவறும். இம்ப்ரூவ்டு சிலிண்டர் அதே தூரத்தில் இரண்டு அடிக்கு மேல் விரிந்து உங்கள் கைத்தவறை மன்னிக்கும். அதனால் என் யோசனை, முதல் குழலில் இம்ப்ரூவ்டு சிலிண்டர், இரண்டாவதில் மாடிஃபைட். ஃபுல் பெட்டியிலேயே தூங்கட்டும். ஆனால் இது என் துப்பாக்கியில் என் தாள்கள் சொன்னது. உங்கள் தாள் வேறு சொன்னால் உங்கள் தாளைக் கேளுங்கள்.

ஸ்டீலுக்கு ஒரு எச்சரிக்கை. தாளில் ஸ்டீல் அழகாக, சீராக விழும், பார்த்து மயங்கிவிடுவீர்கள். ஓட்டை விழுவது வேறு, பறவைக்குள் இறங்குவது வேறு. ஸ்டீலின் அடர்த்தி ஈயத்தில் சுமார் எழுபது சதவீதம்தான், வேகத்தைச் சீக்கிரம் இழந்துவிடும். ஈயத்தில் 5-ஆம் நம்பர் சுடுகிறவர் ஸ்டீலில் இரண்டு நம்பர் பெரிதாக 3-க்குப் போக வேண்டும். தாள் எண்ணிக்கையைச் சொல்லும், ஊடுருவலைச் சொல்லாது.

தாள் சொல்லாத இன்னொன்றும் உண்டு. பெல்லட்கள் தட்டையான வட்டமாகப் பறப்பதில்லை, முன்னும் பின்னுமாகப் பல அடி நீளத்துக்கு வரிசையாக வருகின்றன. டெக்சாஸ் பத்திரிகையாளர் பாப் பிரிஸ்டர் 1970-களில் இதைக் காட்ட ஒரு வேலை செய்தார். 16 அடி நீளப் பலகையை டிரெய்லரில் ஏற்றி, காரில் கட்டி, மனைவியை ஓட்டச் சொல்லிவிட்டு, ஓடுகிற பலகையைச் சுட்டார். நின்ற தாளில் வட்டமாக விழும் கூட்டம் ஓடும் பலகையில் இழுபட்டு நீளமாக விழுந்தது. எனக்கு ஆராய்ச்சியைவிட அந்த அம்மாவின் தைரியம்தான் பெரிதாகத் தெரிகிறது. மெதுவாக எழும்பும் ஃபெசன்டுக்கு, 30 கஜத்துக்குள், இதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பீர்கள். இரண்டு சோக், இரண்டு வகைத் தோட்டா, தூரத்துக்கு மூன்று தாள் என்றாலே இரண்டு பெட்டி காலியாகிவிடும். இரண்டு சனிக்கிழமையாகப் பிரித்துக்கொள்ளுங்கள், கனமான தோட்டா ஒரே நாளில் முப்பதுக்கு மேல் போனால் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு சுட ஆரம்பிப்பீர்கள். சோக் மாற்றும்போது துப்பாக்கி திறந்து காலியாக இருக்க வேண்டும். சோக் இல்லாமல் வெறும் மரையோடு ஒருபோதும் சுடாதீர்கள். ஐந்தாறு சூட்டுக்கு ஒருமுறை சோக் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் திருகிப் பாருங்கள். சோக் சூடாக இருக்கும், கவனம். எந்தச் சோக் உள்ளே இருக்கிறது என்பதற்கு அதன் விளிம்பில் சின்ன வெட்டுகள் இருக்கும். ஒன்று என்றால் ஃபுல், மூன்று மாடிஃபைட், நான்கு இம்ப்ரூவ்டு சிலிண்டர். வெட்டு கூடினால் குறுக்கல் குறைவு.

எல்லாம் முடிந்ததும் துப்பாக்கிப் பெட்டியின் மூடிக்கு உள்ளே ஒரு டேப் ஒட்டி, இந்தச் சோக், இந்தத் தோட்டா, இத்தனை கஜம் வரை என்று எழுதிவையுங்கள். என் மூடியில் ‘ஸ்டீல் 3, மாடிஃபைட், 35’ என்று இருக்கிறது. சோள வயலில் 35 கஜம் எவ்வளவு என்று கண்ணுக்குப் பழக வேண்டும், அதற்கு வீட்டு வாசலிலிருந்து தெருவில் நடந்து அளந்து ஏதாவது தபால் பெட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் அது எதிர்வரிசையில் மூன்றாவது வீட்டின் நீலப் பெட்டி.